இருபத்தைந்து டிகிரி

பெரிய சார்ஜரில் போட்டால் சின்ன போன் வெடித்துவிடுமா என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் பாக்கியில்லை. வெடிக்காது. ஆயிரம் வாட் சார்ஜராகவே இருந்தாலும் அது தானாக எதையும் உள்ளே தள்ளாது. போன் கேட்கும், சார்ஜர் கொடுக்கும். கேட்டதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காது. இதை எனக்கு விளக்கிச் சொன்னவன், என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்ப வந்த கம்பெனிக்காரன். அவன் சொன்ன அத்தனையும் உண்மை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் பெயர் எஸ்தர். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். பஸ்கள் டிரைவர் இல்லாமல் ஓடத் தொடங்கியபோது டிக்கெட்டையும் தாங்களே வசூலித்துக்கொண்டன. எங்களுக்கு ஆளுக்கொரு சந்தனமாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலைதான் போயிற்று, தொண்டை போகவில்லை. பின்படியில் தொங்குகிறவர்களை முன்படியிலிருந்தே அதட்டி உள்ளே ஏறவைத்த தொண்டை அது.

என் தம்பி தாவீது எனக்கு நேர்மாறு. அவன் காலை யாராவது மிதித்தால் அவன்தான் மன்னிப்புக் கேட்பான். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "நல்லாத்தான்க்கா கீது" என்று தின்றுவிட்டு எழுந்துபோவான். அம்மா அவனைத் தங்கம் என்பாள், என்னைத் தகரடப்பா என்பாள். அந்தத் தங்கத்தை எத்தனை பேர் உரசிப் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தாவீது தண்டையார்பேட்டையில் ஒரு டெலிவரி கிடங்கில் வண்டி ஓட்டினான். ஐஸ்கிரீம், இன்சுலின், மீன் என்று குளிர்ச்சி கெடாமல் கொண்டுசேர்க்க வேண்டிய சரக்கு. கிடங்கு வாசலில் 'சொடக்கு' கம்பெனியின் சார்ஜ் மேடை இருந்தது. அப்போது ஊர் முழுக்க, ரயில் நிலையம், கல்யாண மண்டபம், கோர்ட் வரைக்கும் இருந்ததே, அதேதான். போனை மேடையில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்துத் திரும்பினால் பேட்டரி நிறைந்திருக்கும். நமக்கு ஒரு டீ நேரம் பெரிதில்லை. ஆனால் போன் மேடையில் கிடக்கும் நேரத்தை டெலிவரி ஆப் 'ஓய்வு' என்று கழித்துக்கொள்ளும். ஓய்வு கூடினால் அடுத்த ஆர்டர் அடுத்தவனுக்கு.

அந்த ஆப்பில் இன்னொரு அழகும் உண்டு. காலையில் வேலைக்குள் நுழையும்போது 'இன்று நலமா?' என்று கேட்கும். 'நலம்' என்று அமுக்கினால் வேலை. 'நலமில்லை' என்று அமுக்கினால் அன்றைக்கு வேலை கிடையாது. அந்த இரண்டாவது பொத்தானை அமுக்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சித்திரை வெயிலில் போன்கள் கொதித்துப்போகும். சூடான போனை மேடையில் வைத்தால் கொஞ்சமாகத்தான் மின்சாரம் கேட்கும். 'எனக்கு முடியவில்லை, மெதுவாகக் கொடு' என்று அது சார்ஜரிடம் சொல்கிறது, அவ்வளவுதான். நல்ல புத்தி. ஆனால் ஓய்வு நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கிடங்கில் இருந்தவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஐஸ்கிரீம் பையில் வரும் ஐஸ் பாக்கெட்டை மேடையில் வைத்து, அதன்மேல் கழுத்துத் துண்டை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் போன். துண்டு இல்லாமல் நேராக ஐஸ்மேல் வைத்தால் போன் விறைத்துப்போய் சார்ஜே ஏற மறுக்கும். ஒரு மடிப்பு போதாது, மூன்று மடிப்பு அதிகம். இரண்டு மடிப்பு சரியாக இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் வண்டியைக் காட்டுவார்கள், இரண்டாவதாகத் துண்டு மடிக்கக் காட்டுவார்கள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த கிடங்கு ஆனிமாதம் ஒரு மத்தியானம் எரிந்தது. தாவீதின் போன் மேடையிலேயே பிடித்துக்கொண்டது. மேடைக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் பெண்கள் உட்காருகிற ஒரு அறை. அங்கே, அதே கிடங்கில் வேலை பார்த்த செங்கொடி படுத்திருந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய பலராமன் தன் ஒரே மகளுக்கு ஆசையாக வைத்த பெயர். தாவீது எரிகிற தடுப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். தடுப்பு வந்தது. அவள் வரவில்லை.

*

அரசு ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் தாவீது இரண்டு கையையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். தலைமாட்டில் ஒரு மருந்துப் பெட்டி. சிறிது நேரத்துக்கு ஒருதரம் அது பெண்குரலில், "வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று கேட்கும். சொன்ன எண்ணுக்கு ஏற்றபடி மருந்து குழாய் வழியே இறங்கும். தாவீது ஒவ்வொரு தடவையும் "ரெண்டு" என்றான்.

"பாருங்கம்மா, உங்க தம்பிக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று சிஸ்டர்கூடப் பாராட்டினாள்.

அங்கேதான் நிரஞ்சன் வந்தான். சொடக்கு கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. முப்பது வயதிருக்கும். காலணியை வெளியே கழற்றிவிட்டு, ஆப்பிள் கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் அமர்ந்து, தாவீதை 'சார்' என்றே கூப்பிட்டான். திட்டுகிறவனைச் சமாளித்துவிடலாம், இந்த ரகத்தைத்தான் சமாளிக்க முடியாது.

"அக்கா, எங்க சார்ஜர் எதையும் திணிக்காது. போன் என்ன கேட்குதோ அதைத்தான் கொடுக்கும். சார் போனை நேரா ஐஸ் மேல வெச்சிருக்கார். அது தெரியுமா உங்களுக்கு?"

"வெச்சா?"

"ஜில்லுனு இருக்கற பேட்டரிக்குள்ள வேகமா கரண்ட் போனா, உள்ள உலோகம் ஊசி ஊசியா படியும். ஒருநாள் அந்த ஊசி ஒரு பக்கத்துலருந்து இன்னொரு பக்கத்தைத் தொட்டுடும். தொட்டா நெருப்புதான். எங்க சார்ஜர்ல கோளாறு இல்லை, போன்ல கோளாறு இல்லை. வெச்ச இடத்துலதான் கோளாறு."

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தான். கையெழுத்துப் போடத்தான் தாவீதுக்குக் கையில்லையே, குரலில் சொன்னால் போதுமாம். 'தவறாகப் பயன்படுத்தியது நானே' என்று ஒத்துக்கொண்டு 'சம்மதம்' என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் கம்பெனி கருணையோடு கையின் ஆபரேஷன்களைப் பார்த்துக்கொள்ளும், அவன்மேல் வரப்போகும் கிரிமினல் வழக்கில் தண்டனையையும் குறைக்கச் சொல்லும். சொல்லாவிட்டால் தீர்ப்பாயம். அங்கே தோற்றால் செங்கொடியின் சாவு முழுசாக இவன் தலையில். மருத்துவக் காப்பீடும் நின்றுபோகும். கைகளுக்குத் தோல் ஒட்டவேண்டியிருந்த நேரத்தில் இதைச் சொல்கிறான்.

தாவீது வாயைத் திறந்தான். சம்மதம் என்று சொல்லத்தான் திறந்தான், எனக்குத் தெரியாதா? நான் அவன் வாயைப் பொத்தினேன்.

"அக்கா, நாந்தானே வெச்சேன்" என்றான் என் விரல்களுக்குள்ளே.

"நீ மட்டுமா வெச்ச? ஊரே வெச்சிக்கினு இருந்துது. வாய மூடு."

நிரஞ்சன் ஆப்பிளை மட்டும் விட்டுவிட்டுப் போனான். நான் தாவீதைப் பிடித்து உலுக்காத குறை. இத்தனை நாளாகத் துண்டை மடித்து வைத்தவர்கள், ஏன் நேராக வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வைகாசிலருந்து துண்டே தேவப்படலக்கா. சும்மா அப்படியே ஐஸ் மேல வெச்சாலும் கடகடன்னு ஏறுது. முன்னல்லாம் விறைச்சுக்கும் இல்ல, இப்ப விறைக்கல. போனு தேறிடுச்சுன்னு பேசிக்கினோம். அவசரத்துல துண்டை யாருக்கா மடிக்கிறது?"

"எல்லார் போனுமா தேறிடுச்சு?"

"ஆமாக்கா. ஒரே வாரத்துல எல்லார்துமே."

எனக்குப் பேட்டரி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரே வாரத்தில் அத்தனை பேருக்கும் நல்ல புத்தி வந்ததாக யார் சொன்னாலும் நம்பமாட்டேன். பஸ்ஸில் நாற்பது பேரும் சொல்லிவைத்தாற்போலச் சில்லறை சரியாக நீட்டினால், பின்னால் செக்கிங் ஆபீசர் ஏறியிருக்கிறார் என்று அர்த்தம்.

*

துரிதத் தீர்ப்பாயத்தில் வக்கீல் கிடையாது. வக்கீல் வைத்தால் வழக்கு இழுக்கும் என்று அரசாங்கம் அப்படிச் செய்திருந்தது. பாதிக்கப்பட்டவர் தரப்பில் வீட்டு ஆள் ஒருவர் பேசலாம், கம்பெனி தரப்பில் ஒருவர். அதாவது இந்தப் பக்கம் ஒரு பழைய கண்டக்டர், அந்தப் பக்கம் அந்தப் பேட்டரியைப் படித்தே பட்டம் வாங்கியவன். இதற்குப் பெயர் சமவாய்ப்பு.

நடுவர் மாசிலாமணி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில் தாளவில்லை, உள்ளே மின்விசிறி மட்டும். அவர் மேசை ஓரத்திலும் ஒரு சொடக்கு மேடை, அதில் அவருடைய போன். வழக்கு நடக்கும்போதே இரண்டு தடவை எடுத்து எதையோ பார்த்துவிட்டு மறுபடி மேடையில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எதிர் பெஞ்சில் பலராமன். வராந்தாவில் என்னைப் பார்த்தபோதே சொல்லியிருந்தார்: "உன் தம்பிக்குக் கைதான் போச்சு. எனக்குப் பொண்ணே பூட்டா." நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

சாட்சி ஒன்றே ஒன்றுதான். தாவீதின் போன். முழுசாக உருகிப்போனாலும் உள்ளே நகக்கண் அளவு ஒரு கணினிச் சில்லு மட்டும் தப்பித்திருந்தது. அதில் இருப்பது காவல் நிரல். பேட்டரியைக் காப்பதும், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று சார்ஜரிடம் கேட்பதும் அதன் வேலை. தீ விபத்து வழக்குகளில் அது வாய்திறந்து பதில் சொல்லவேண்டும், பொய் சொல்லக்கூடாது என்று சட்டமே உண்டு. சில்லை ஒரு தட்டில் வைத்துப் பக்கத்தில் ஒலிபெருக்கி ஒன்றை இணைத்திருந்தார்கள்.

நிரஞ்சன் எழுந்தான். குரலை உயர்த்தாமல் கேட்டான்.

"தீப்பிடித்த அன்று சார்ஜரிடம் மின்சாரம் கேட்டது யார்?"

"நான்" என்றது சில்லு. மரியாதையான, மெல்லிய குரல்.

"நீ கேட்டதைவிட அதிகமாக சார்ஜர் கொடுத்ததா?"

"இல்லை."

"உன் வெப்பநிலை என்ன என்று சார்ஜர் கேட்டதா?"

"கேட்டது."

"நீ என்ன சொன்னாய்?"

"இருபத்தைந்து டிகிரி என்று சொன்னேன்."

"இருபத்தைந்து டிகிரியில் முழு வேகத்தில் சார்ஜ் செய்வது பாதுகாப்பானதா?"

"முற்றிலும் பாதுகாப்பானது."

நிரஞ்சன் நடுவரைப் பார்த்துத் தலை சாய்த்தான். "அவ்வளவுதாங்க ஐயா. கேட்டது போன், கொடுத்தது சார்ஜர். இருவரும் விதிப்படியே நடந்திருக்காங்க. மீதி இருக்கறது, அதை ஐஸ் மேல வெச்ச மனுஷர் மட்டும்தான். எங்களுக்கு அவர் மேல எந்த வருத்தமும் இல்லை."

வருத்தமும் இல்லையாம்!

"ஏம்மா, நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார் நடுவர். கேட்காமலிருந்தால் நல்லது என்பது அவர் கடிகாரத்தைப் பார்த்ததிலேயே தெரிந்தது.

நான் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு சில்லிடம் எப்படிப் பேசுவது என்று யோசிக்கவேயில்லை. டிக்கெட் எடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறவனிடம் பேசுகிற மாதிரிதான் பேசினேன்.

"இந்தா பாரு. அன்னிக்கு நீ எது மேல உக்காந்திருந்த?"

"எனக்கு அது தெரியாது."

"ஐஸ் மேல. துண்டுகூட இல்லாம. ஐஸ் மேல உக்காந்துக்கினு உனக்கு எப்படி இருபத்தஞ்சு டிகிரி?"

நிரஞ்சன் பேனாவை மூடினான்.

"தாங்கள் கேட்பது என் வெப்பநிலையையா, நான் சார்ஜரிடம் சொன்னதையா?" என்றது சில்லு.

கோர்ட்டே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ரெண்டும் வேற வேறயா?"

"ஆம்."

"அன்னிக்கு உன் வெப்பநிலை எவ்ளோ?"

"மூன்று டிகிரி."

"மூணு டிகிரில இருக்கும்போது நீ என்னா பண்ணணும்?"

"மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவேண்டும்."

"முன்னல்லாம் சொல்லிக்கினுதானே இருந்த?"

"சொல்லிக்கொண்டிருந்தேன்."

"அப்புறம் இன்னா வந்துச்சு உனக்கு? ஜில்லுன்னு விறைச்சுக்கினு இருக்கும்போது, நான் நல்லாகீறேன், அள்ளிக் குடுன்னு ஏன் சொன்ன?"

"வைகாசி மாதம் மேடை வழியாக எனக்கு ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்தது. என் வெப்பநிலை எதுவாக இருந்தாலும் மேடையிடம் இருபத்தைந்து என்று சொல்லும்படி அதில் இருந்தது."

"யாரு அனுப்பினது?"

"சொடக்கு."

நிரஞ்சன் எழுந்துவிட்டான். "ஐயா, வாடிக்கையாளர் அனுபவத்தை மேம்படுத்த... தேவையில்லாம மெதுவாகறதாப் புகார் வந்துச்சு... எந்தப் புதுப்பிப்பும் பயனாளர் சம்மதம் இல்லாம ஏறாதுங்க. அவர் சம்மதிச்சிருக்கார்."

"ஏய்" என்றேன் சில்லிடம், "என் தம்பி சம்மதம்னு சொன்னானா?"

"திரையில் 'சரி' என்ற பொத்தான் வந்தது. அவர் அமுக்கினார்."

"வேணாம்னு சொல்ல பொத்தான் இருந்துச்சா?"

"இல்லை. ஒரு பொத்தான்தான் இருந்தது."

நான் நிரஞ்சனின் பக்கம் திரும்பினேன். அவன் மேல் பாயவில்லை என்றால் அதற்குக் காரணம் நடுவில் ஒரு மேசை இருந்ததுதான். "குடுக்கறவன் நான் யோக்கியன், கேட்டதைத்தான் குடுத்தேன்னு சொல்ற. சரி. இப்படித்தான் கேக்கணும்னு அதும் வாயில வார்த்தையப் போட்டது யாருடா? ஜில்லுன்னு இருந்தாலும் நல்லாகீறேன்னு சொல்லு, கொதிச்சாலும் நல்லாகீறேன்னு சொல்லு. சொல்லவெச்சுட்டு, நீதானே கேட்டன்னு வந்து ஆஸ்பத்திரில நிக்கற. ஆப்பிள் வேற!"

"அம்மா, மரியாதை" என்றார் நடுவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. அவர் தீர்ப்பை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு ஒரு கண்டிப்பு, அபராதம், புதுப்பிப்பைத் திரும்பப் பெற அவகாசம். தாவீதுக்கும் ஒரு பங்கு: ஐஸ்மேல் வைத்தது கவனக்குறைவு. பாதி பாதி. இந்த ஊரில் அடிபட்டவனுக்குக் கிடைக்கிற நியாயம் எப்போதும் பாதிதானே.

"இரு தரப்பிலும் தவறு இருப்பதாக..." என்று அவர் தொடங்கியேவிட்டார்.

"ஐயா, உங்க போனையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றேன்.

"என்ன?"

"அதுவும் சொடக்கு மேடைலதான் இருக்குது. அதையும் கேளுங்க."

"அது இந்த வழக்குக்குச் சம்பந்தம் இல்லாததுங்க ஐயா" என்றான் நிரஞ்சன். அவன் இதுவரை இவ்வளவு வேகமாக எதையும் சொல்லவில்லை.

அந்த வேகம்தான் நடுவரைக் கையை நீட்ட வைத்தது. மேடையிலிருந்த போனின் முதுகைத் தொட்டார். தொட்ட விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். விரலை ஒருமுறை பார்த்தார். பிறகு போனைப் பார்த்துக் குனிந்து, தன் வீட்டுக் குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"நீ மேடையிடம் என்ன சொல்கிறாய்?"

"இருபத்தைந்து டிகிரி, ஐயா."

"உண்மையில் எவ்வளவு?"

"ஐம்பத்தெட்டு, ஐயா."

மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டார். போனைக் கைக்குட்டையால் பிடித்து மேடையிலிருந்து எடுத்து மேசையின் அந்தக் கோடியில் வைத்தார். அதன்பிறகு அவருக்கு வந்ததே கோபம்! இதைத் தலைமாட்டில் வைத்து என் பேத்தி தூங்குகிறாள் என்று கத்தினார். இது கொலை என்றார். நகரம் முழுக்க உள்ள எல்லா மேடைகளையும் அந்த நிமிடமே அணைக்கச் சொன்னார். தாவீதுமேல் எந்தக் குற்றமும் இல்லை, சிகிச்சை முழுவதும் கம்பெனியின் பொறுப்பு, செங்கொடியின் சாவுக்குக் கம்பெனிமேல் கிரிமினல் வழக்கு என்று மூச்சுவிடாமல் சொல்லச் சொல்ல எழுத்தர் தடுமாறினார். நிரஞ்சன் உட்கார்ந்தபடியே தன் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி பெஞ்சின் ஓரத்தில் தள்ளிவைத்தான். நான் பார்த்தேன்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையிலிருந்து நடுவர் செங்கொடி கருகிய கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். என் தம்பியின் கையைப் படம் பிடித்துக் காட்டினார்கள், தலையாட்டினார். விரல்நுனியில் சுட்ட பிறகுதான் மனிதர் எழுந்து நின்றார். மறுநாள் செய்தியிலும் அதுதான் வந்தது: 'நடுவரின் போன் மயிரிழையில் தப்பியது'. செங்கொடியின் பெயர் கடைசிப் பத்தியில் இருந்தது. அதையும் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

வராந்தாவில் பலராமன் என் வழியை மறித்து நின்றார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அந்த போனு இன்னா சொல்லிச்சு? முடியலன்னாலும் நல்லாகீறேன்னு சொல்லச் சொன்னாங்கன்னா?"

"ஆமாண்ணா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்குக் காலைல எம்பொண்ணுக்கு நெருப்பாக் காயுது. கஞ்சிகூட எறங்கல. போவாதம்மான்னேன். சிரிச்சுக்கினே நலம்னு அமுக்கிட்டுப் போனா. மத்தியானம் முடியாமத்தான் அந்த ரூம்ல படுத்திருக்கா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "தம்பி எந்த வார்டு? ஒருவாட்டி வந்து பாக்கறேன். தடுப்பப் புடிச்சு இழுத்தவன் அவன் ஒருத்தன்தான்" என்றார்.

நான் வார்டு எண்ணைச் சொன்னேன்.

*

ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிஸ்டர் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் தீர்ப்பைச் சொன்னேன். தாவீது, "அப்படியாக்கா, நல்லது" என்றான். பஸ் நேரத்துக்கு வந்துவிட்டது என்று சொன்னாலும் இப்படித்தான் சொல்வான். கட்டின் கடைசிச் சுற்றை எடுக்கும்போது அவன் கால்விரல்கள் மடங்கி, போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். முகம் மட்டும் எப்போதும்போல இருந்தது.

பெட்டி கேட்டது: "வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்."

"ரெண்..."

"டேய்" என்றேன்.

வார்டே திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் கட்டுத்துணியோடு அப்படியே நின்றாள்.

"உருகிப்போன போனு, நகத்தளவு சில்லு, அது உண்மைய சொல்லிச்சுடா இன்னிக்கு. உனக்கு வாய் இல்ல? கால பாரு, எப்படி முறுக்கிக்கினு கீதுன்னு. யாருக்குடா பயப்படற? இங்க உன்ன வேலய விட்டுத் தூக்கறதுக்கு எவன் இருக்கான்? சொல்லுடா."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பாவிமுகம் மெல்ல மெல்லக் கோணிக்கொண்டது. அம்மாவைப் புதைத்த அன்றுகூட அவன் அழுது நான் பார்க்கவில்லை.

"ஒம்போதுக்கா" என்றான்.

"எங்கிட்ட இல்ல. அதுங்கிட்ட சொல்லு."

"ஒம்போது" என்றான் பெட்டியிடம்.

குழாயில் மருந்து இறங்கியது. சிறிது நேரத்தில் கால்விரல்கள் போர்வையை விட்டன. தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அவன் வாய்திறந்து தூங்கியதை அப்போதுதான் பார்த்தேன். எத்தனை நாளாக ஒன்பது என்று நான் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்திருப்பேன். கைகூட ஒருதடவை போயிற்று. பெட்டியின்மேல் என்ன தப்பு? இத்தனை நாளும் இவன் கேட்டதைத்தான் அது கொடுத்துக்கொண்டிருந்தது.